திங்கட்கிழமைக் கேள்வி

இதை எழுதலாமா வேண்டாமா என்று எத்தனையோ வருஷமாக யோசித்து, நோட்டை எடுப்பதும் மூடி வைப்பதுமாகவே இருந்துவிட்டேன். நான் எட்டாவது வரை படித்தவள். கோயில் நோட்டீஸைத் தடுமாறாமல் படிப்பேன், பிள்ளைகளுக்குக் கடிதம் போடுவேன், அவ்வளவுதான். ஆனால் தயங்கியதற்குக் காரணம் அது இல்லை. பொய் சொல்லியிருந்தால் கன்னத்தில் போட்டுக்கொண்டு அம்மனிடம் மன்னிப்புக் கேட்கலாம். உண்மையைச் சொன்னதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேற்றி நின்று மனசில் உள்ளதையெல்லாம் சொல்லுவேன். இந்த இடம் வந்ததும் வாய் அடைத்துவிடும். அக்கா போன ஆடியில் கண்ணை மூடிவிட்டாள். இனி யாருக்கும் சங்கடமில்லை என்றுதான் எழுதுகிறேன்.

சென்னை ராஜ்யம் என்று நோட்டின் மேலே எழுதிக்கொண்டிருந்த காலம் அது. செஞ்சியில் எங்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் ஒரே கூடம், ஒரே வாத்தியார். நான் மூன்றாவது, அக்கா ஐந்தாவது. கூடத்தின் மேற்கு ஜன்னலைத் திறந்தால் ராஜகிரி மலை முழுசாகத் தெரியும்.

அந்த வருஷம் புதிதாக வந்த வாத்தியார் நல்ல மனுஷர். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிரம்பை எடுக்கவே மாட்டார். பகல் சாப்பாட்டில் சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் போடச் சொல்லிப் பக்கத்திலேயே நிற்பார். பிள்ளைகள் கெட்டுப்போவது பள்ளிக்கூடத்தில் இல்லை, வீட்டில்தான் என்று அவருக்கு ஒரு தீர்மானம். வீட்டைத் திருத்தினால் பிள்ளை தானாகத் திருந்தும் என்பார். அதற்காக ‘பெற்றோர் கவனத்துக்கு’ என்று ஒரு பக்கம் சொல்லச் சொல்ல, ஐந்தாம் வகுப்பு எழுதியது. எங்களுக்கு வேகம் பத்தாது என்று அக்காவே என் நோட்டிலும் எழுதிக் கொடுத்தாள்.

விளக்கு வைத்தபின் ஒரு மணி நேரம் பிள்ளை படிக்க வேண்டும், அந்நேரம் அதனிடம் எந்த வேலையும் வாங்கக் கூடாது. வீட்டுப்பாடத்தைப் பிள்ளை தன் கையாலேயே எழுத வேண்டும். தலைவாரி, நகம் வெட்டி, குளிக்கவைத்து அனுப்ப வேண்டும். மல்லாக்கொட்டை (வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்லுவோம்) பிடுங்குவதற்கோ சந்தைக்கோ பிள்ளையை நிறுத்திக்கொள்ளக் கூடாது. பிள்ளைகள் காதுபடக் கெட்ட வார்த்தை பேசக் கூடாது. இத்தனைக்கும் சம்மதம் என்று கீழே தகப்பனார் கையெழுத்து, இல்லாவிட்டால் கைநாட்டு.

தெருவே சிரித்தது. பக்கத்து வீட்டுப் பீவி அம்மா, “இன்னாடி இது, வாத்தியாரு நம்ம ஊட்டுக்கும் சேத்துப் பாடம் நடத்துறாரா? வெளக்கு வைக்கச் சொல்றாரே, எண்ண யாரு ஊத்துறதாம்?” என்றார்கள். சிரித்தாலும் எல்லா வீட்டிலும் கைநாட்டு வைத்துக் கொடுத்தார்கள். எங்கள் நைனாவும் வைத்தார். நைனா மண்டியில் மூட்டை தூக்குகிறவர். அக்கா படித்துக் காட்டினாள், நைனா தலையை ஆட்டிக்கொண்டே கட்டைவிரலை நீட்டினார்.

திங்கட்கிழமை காலை கடவுள் வாழ்த்து முடிந்ததும் கேள்வி. வரிசையாக நின்று, நகம் மேலே தெரிகிற மாதிரி இரண்டு கையையும் நீட்ட வேண்டும். வீட்டுப்பாடம் யார் எழுதியது, விளக்கு வைத்தபின் வேலை வாங்கினார்களா, வீட்டில் யாராவது கெட்ட வார்த்தை பேசினார்களா என்று வாத்தியார் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வருவார். ஒரே வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தால் மூத்தது பதில் சொன்னால் போதும். கேட்பதற்கு முன்னால் ஜன்னல் பக்கம் கையைக் காட்டுவார். “மலைமேல கமலக்கண்ணி அம்மன் இருக்கா. அங்கேயிருந்து பார்த்தா செஞ்சியில எல்லா வீட்டு அடுப்பும் அவளுக்குத் தெரியும். அதை நெனச்சிக்கிட்டு பதில் சொல்லுங்க.”

அப்படியும் பொய்தான் சொன்னார்கள். “எங்க ஊட்ல கெட்ட வார்த்தையே யாருக்கும் தெரியாது சார்” என்று ஒரு பையன் சொல்லுவான். அவன் அம்மா குழாயடியில் பேசுவது கடைத்தெரு வரைக்கும் கேட்கும். எங்கள் வீட்டுக்கு அக்கா சொல்லுவாள்: “வேலை வாங்கல சார். ரெண்டு பேரும் படிச்சோம் சார்.” முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. பயம் எனக்குத்தான். அம்மன் பார்த்துக்கொண்டிருக்கிறாளே, அக்காவின் கண்ணை எடுத்துவிட்டால் என்ன செய்வது என்று ஜன்னல் பக்கமே திரும்ப மாட்டேன்.

ஏனென்றால் எங்கள் வீட்டில் விளக்கு வைத்ததும்தான் வேலையே ஆரம்பிக்கும். கார்த்திகை பிறந்தால் மண்டிக்காரர் விதைக்கு மல்லாக்கொட்டை உடைக்க வீட்டுக்கு வீடு மூட்டை அனுப்புவார். விதைக்கொட்டை என்பதால் கல்லால் தட்டக் கூடாது, பல்லால் கடிக்கக் கூடாது. பருப்பில் கீறல் விழுந்தால் முளைக்காது. தண்ணீர் தெளித்துக் கொஞ்சம் பதமாக்கி, கட்டைவிரலால் அழுத்தித்தான் உடைக்க வேண்டும். நாலு நாளில் நகக்கண் கிழிந்துவிடும். அம்மாவுக்குக் கைக்குழந்தை. நைனா மண்டியிலிருந்து வரும்போதே முதுகு வளைந்துதான் வருவார். ஆகவே மூட்டையில் பாதி அக்காவுக்கு.

எனக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. நான் விளக்கடியில் உட்கார்ந்து படிப்பேன். என் பாடத்தை முடித்ததும் அக்கா தன் புத்தகத்தைக் காலால் என் பக்கம் தள்ளுவாள். “கத்திப் படிடி. கொட்ட ஒடையுற சத்தத்துல ஒண்ணும் கேக்க மாட்டேங்குது.” ஒரு எழுத்தும் அர்த்தமாகாமல் நான் அவள் பாடத்தைக் கத்துவேன். அவள் உடைத்துக்கொண்டே கேட்பாள். தப்பாகப் படித்தால் ஒரு கொட்டையை எடுத்து என் தலையில் அடிப்பாள். கணக்கை வாயால் போட்டுச் சொல்லுவாள், நான் அவள் நோட்டில் எழுதுவேன். பென்சிலைப் பிடிக்க அவள் விரல் வளையாது. அக்காவுக்குக் கொட்டை உடைப்பது பிடிக்கும் போலிருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். உடைக்கும்போதுதான் அவள் அத்தனை கேலி பேசுவாள்.

திங்கட்கிழமை காலையில் விரலில் தேங்காய் எண்ணெய் தடவி, கிழிந்த தோலை வெட்டிக்கொண்டு வருவாள். வாத்தியார் ஒரு தடவை உற்றுப் பார்த்துக் கேட்டார். “அருவாமணை கிழிச்சிட்டுது சார்” என்றாள். ஐந்தாவது முடித்துக் கடைத்தெருவுக்கு அந்தப் பக்கமிருக்கும் பெரிய பள்ளிக்கூடத்தில் ஆறாவது சேர வேண்டும் என்பது அவள் ஆசை. அந்தப் பள்ளிக்கூடத்துக்கு மாடி உண்டு. மாடியிலிருந்து பார்த்தால் மலை எவ்வளவு கிட்டத்தில் தெரியும் என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருப்பாள்.

மார்கழியில் ஒரு திங்கட்கிழமை. அக்காவின் வலது கட்டைவிரல் சீழ் வைத்து எலுமிச்சம்பழம் மாதிரி வீங்கிவிட்டது. மண்டிக்காரர் செவ்வாய்க்கிழமைக்குள் இரண்டு மூட்டை கேட்டிருந்தார். அக்கா பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. இடது கையால் உடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: “கேட்டாருன்னா அக்காவுக்கு ஜொரம்னு சொல்லு. ஊட்டுப்பாடம் எழுதிட்டோம்னு சொல்லு. வேற ஒண்ணும் பேசாத. புரிஞ்சிதா பாப்பா?”

புரிந்தது என்று தலையாட்டினேன். வழியெல்லாம் ஜொரம், ஜொரம் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

வரிசையில் முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு நான் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. வாத்தியார் ஜன்னலைக் காட்டினார். மார்கழிப் பனி விலகி மலை அப்போதுதான் வெளுத்திருந்தது. அம்மன் நேராக என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது.

“அக்கா எங்கேம்மா?”

“கொட்ட ஒடைக்குது சார்.”

அதற்குப் பிறகு அவர் கேட்கக்கூட வேண்டியிருக்கவில்லை. தினமும் விளக்கு வைத்ததும் அக்கா கொட்டை உடைக்கிறாள், அவள் பாடத்தை நான்தான் படிக்கிறேன், அவள் நோட்டில் நான்தான் எழுதுகிறேன், விரலைக் கிழித்தது அருவாமணை இல்லை, எல்லாம் மடை திறந்த மாதிரி வந்துவிட்டது. சொல்லி முடித்தபோது உடம்பே லேசாகிவிட்டது. வாத்தியாருக்குக் கண் கலங்கியிருந்தது. “இத்தனை பேர்ல ஒருத்தி உண்மை பேசினா பாருங்க” என்று சொல்லி, டப்பாவில் பத்திரமாக வைத்திருந்த ரோஜாப்பூ நிறச் சாக்பீஸ் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். கூடமே கைதட்டியது. என் ஆயுசில் எனக்காக யாரும் கைதட்டியது அந்த ஒரு தடவைதான்.

மத்தியான மணி அடித்ததும் என்னையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். நைனா அப்போதுதான் சாப்பிட வந்து கையலம்பிக்கொண்டிருந்தார். வாசலில் அக்கா, அவளைச் சுற்றித் தொலிக் குவியல். வாத்தியார் குனிந்து அவள் கையைப் பிடித்துத் தூக்கி, தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் தெரிகிற மாதிரி காட்டினார்.

“இன்னாய்யா இது? சம்மதம்னு கைநாட்டு வச்சியே, எதுக்கு வச்சே?”

“பொண்ணு படிச்சிக் காட்டுச்சி சார். நல்லதுதான எழுதியிருக்கீங்கன்னு வச்சேன்” என்றார் நைனா.

“நல்லதுன்னு தெரிஞ்சா செய்ய மாட்டியா? இது விரலா? பெத்த பொண்ணுதானே இது? மண்டிக்காரர் பேரையும் சேர்த்து மேலிடத்துக்கு எழுதிப் போடப் போறேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளையை வச்சி வேலை வாங்குறாங்கன்னு எழுதுறேன்.”

அதுவரை தலைகுனிந்திருந்த நைனா நிமிர்ந்து பார்த்தார். தெருவில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். மண்டியில் நைனாவோடு மூட்டை தூக்குகிறவர் ஒருவரும் நின்றிருந்தார். சாயங்காலத்துக்குள் பேச்சு மண்டிக்குப் போய்விடும்.

“அதெல்லாம் எழுதாதீங்க சார்” என்றார் நைனா. சத்தமே இல்லை. “பள்ளிக்கூடத்துப் புள்ளயா இருந்தாதான எழுதுவீங்க? அவ இனிமே வர மாட்டா. பேரை அடிச்சிடுங்க.”

வாத்தியாரின் முகம் அப்படியே வெளிறிவிட்டது. “நான் அதுக்குச் சொல்லலப்பா... இன்னும் நாலு மாசம்தான், பரீட்சை எழுதட்டும்...” என்று ஆரம்பித்தார். பீவி அம்மாவும் ஓடிவந்து, “அண்ணே, கோவத்துல சொல்லாதீங்க, புள்ள படிக்கிற புள்ள” என்று கெஞ்சினார்கள். நைனா கோபமாகவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சாப்பிடாமலே மண்டிக்குப் போனார்.

அக்கா அழவில்லை. என் கையைப் பார்த்தாள்.

“இன்னாடி அது? கலர் சாக்பீஸா?”

நீட்டினேன். இடது கையால் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, திரும்ப என் கையில் வைத்தாள். “நல்லா இருக்குது. பத்தரமா வச்சிக்கோ” என்று சொல்லிவிட்டு அடுத்த கொட்டையை எடுத்தாள்.

அதற்கப்புறம் வாத்தியார் மூன்று தடவை வந்தார். ஒரு தடவை அவர் சைக்கிள் தெருமுனையில் வருவதைப் பார்த்துவிட்டு, நைனா பின்வாசல் வழியாகப் போய்விட்டார். மேலிடத்துக்கு அவர் எழுதவே இல்லை. திங்கட்கிழமைக் கேள்வியும் நின்றுபோயிற்று. ஏன் கேட்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை, பிள்ளைகளுக்குச் சந்தோஷம்தான். மேற்கு ஜன்னலை அவர் மூடியே வைத்திருந்தார். அடுத்த வருஷம் மாற்றலாகி எங்கோ போய்விட்டார்.

கொஞ்ச நாள் வரை அக்கா சாயங்காலத்தில் பழையபடி புத்தகத்தைக் காலால் தள்ளிக்கொண்டுதான் இருந்தாள். நானும் கத்திப் படித்தேன். தை மாதத்தில் ஒருநாள் நானே அவள் புத்தகத்தை எடுத்துப் பிரித்தேன். “வேணாம், உன்னோடதே படி” என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவள் புத்தகத்தில் வாயில் நுழையாத வார்த்தைகள் அதிகம். விட்டது தொல்லை என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது.

எனக்குக் கல்யாணமாகி முதல் பிள்ளைக்கு வீட்டுக்கு வந்திருந்தபோதுதான் அம்மா ஒருநாள் ஏதோ பேச்சில் சொன்னாள். அந்தக் கார்த்திகையில் எங்கள் இரண்டு பேரையுமே படிப்பிலிருந்து நிறுத்திவிடுவதாக நைனா சொல்லியிருந்தாராம். அக்காதான் அவர் எதிரில் போய் நின்று, சின்னவள் பங்கையும் நானே உடைக்கிறேன், அவளைக் கையில் கொட்டை எடுக்கவிடாதே, என்னை ஐந்தாவது மட்டும் முடிக்கவிடு என்று கேட்டு ஒப்பந்தம் பண்ணிக்கொண்டாளாம். பத்து வயசுப் பெண். அவள் பேரை அடித்த பிறகும் அந்த ஒப்பந்தத்தில் என் பாதியை மட்டும் அவள் விடவில்லை. நான் எட்டாவது முடிக்கும்வரை என் பங்கை அவள் உடைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

அக்கா என்னிடம் இதை ஒரு நாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம், ஐம்பது வருஷத்துக்கு மேல் இருந்தது. அந்தச் சாக்பீஸால் ஒரு கோடுகூட இழுக்காமல் பெட்டியில் வைத்திருந்தேன். ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகி, பாவாடையெல்லாம் ரோஜா நிறமாகிக் கரைந்து போயிற்று.

படிக்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை நீங்கள் வேறு யாருக்காவது சொன்னால் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். நான் வாய்விட்டுச் சொன்ன ஒன்றிரண்டு பேரும் சொந்தமாக ஏதாவது சேர்த்துக்கொண்டார்கள். அக்கா அப்புறம் எப்படியோ படித்திருப்பாளே என்றாள் ஒருத்தி. நைனா மனம் மாறியிருப்பாரே என்றார் இன்னொருவர். நல்ல மனசோடுதான் சேர்க்கிறார்கள். தயவுசெய்து சேர்க்காதீர்கள். அக்கா படிக்கவில்லை. அந்த மாடியில் அவள் ஏறவே இல்லை.