தங்கையின் நிலத்துக்குப் போகும் வண்டிப்பாதை

திருத்தணியில் ஒரு பத்திர எழுத்தரிடம் பதினெட்டு வருஷமாகத் தட்டச்சு வேலை பார்க்கிறேன். ஊரார் நிலத்துக்கெல்லாம் நான்கெல்லை அடித்துக் கொடுத்தவள்; என் பெயரில் ஒரு சென்ட் கிடையாது. பட்டாவுக்கும் சிட்டாவுக்கும் வித்தியாசம் தெரியாத என் தங்கைதான் முதலில் நிலம் வாங்கினாள். திருவாலங்காட்டுப் பக்கம், கரும்பு வயல்களைத் தாண்டி, அரை ஏக்கர். பத்திரத்தைக்கூட என்னிடம் காட்டவில்லை. ஒரு பாட்டிலில் கிணற்றுத் தண்ணீர் பிடித்துவந்து, "குடிச்சிப் பாருக்கா, எப்படி இனிக்குது" என்றாள். இனிக்கத்தான் செய்தது. அன்று முழுக்க எனக்கு யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து, தன் நிலத்துக்கு முன்னால் இருக்கும் துண்டு விலைக்கு வருகிறது, நீ வாங்கிக்கொள் என்றாள். போய்ப் பார்த்தேன். தார்ச்சாலையிலிருந்து உள்ளே போக ஒரே ஒரு வண்டிப்பாதை, கரும்பு டிராக்டர் ஏறி ஏறிக் குழி விழுந்தது. இது யாருடையது, கெட்டுப்போனால் யார் செப்பனிடுவது என்று என் தொழில் புத்தி கேட்டது.

தாலுகா ஆபீசில் நில அளவை வரைபடமான புலப்படத்தை வாங்கிப் பார்த்தேன். அதில் பாதையே இல்லை. அப்படியானால் அது அரசாங்க வழி அல்ல. பட்டா நிலத்துக்காரர்கள் தங்களுக்குள் விட்டுக்கொண்டது. ஊராட்சி அதில் ஒரு கூடை மண் போடாது. அந்த நிலமெல்லாம் ஒரு காலத்தில் ஒரே குடும்பத்துடையது; அவர்கள் நான்காகப் பிரித்துக்கொண்ட பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்துக்கு நகல் மனுப் போட்டேன். நகல் வந்ததும் சார்பதிவாளர் அலுவலக பெஞ்சிலேயே உட்கார்ந்து படித்தேன். நான்கு பாகத்துக்கும் அந்த வழியில் போய்வரப் பாத்தியம் உண்டு. ஆனால் பாதையைச் செப்பனிட்டு வரவேண்டியது கடைசிப் பாகத்தை அனுபவிப்பவர் மட்டுமே.

கடைசிப் பாகம் என் தங்கையுடையது.

எனக்கு வந்தது சந்தோஷம். அதற்கு வேறு பெயர் வைத்து ஏமாற்ற விரும்பவில்லை. அவளுக்கு போன் செய்திருக்க வேண்டும். நகலை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஒன்பது நாள் சும்மா இருந்தேன். வேலைக்கு நடுவே எடுத்து அந்த வரியைத் திரும்பப் படித்தேன்.

பத்தாம் நாள் பெரிய மழை. பாதை நடுவில் அறுத்துக்கொண்டு போய்விட்டதாகக் கேள்விப்பட்டு, முதல் பஸ் பிடித்துப் போனேன். உதவப் போனேனா, வேடிக்கை பார்க்கப் போனேனா, தெரியாது.

தங்கை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு செங்கல் துண்டுகளைக் கொட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து நிலத்துப் பெரியவர், எல்லாரும் நைனா என்று கூப்பிடுகிறவர், டிராக்டரில் கிராவல் மண் கொண்டுவந்திருந்தார். விலைக்கு வந்த துண்டின் சொந்தக்காரரும் இன்னொரு நிலத்து வீட்டாரும் மண்வெட்டியோடு நின்றார்கள். யாரோ வீட்டிலிருந்து தூக்குவாளியில் டீ வந்திருந்தது. பதினெட்டு வருஷம் வேலை பார்த்த இடத்தில் என்னை யாரும் அப்படிச் சூழ்ந்து நின்றதில்லை.

அவளைத் தனியே கூப்பிட்டு நகலைக் காட்டினேன்.

"ஆங், தெரியும்க்கா. வாங்கறதுக்கு முன்னாடியே நைனா சொல்லிட்டாரு. பத்திரத்துல என்னா இருந்தா என்னாம்மா, நாங்களும் இதுலதானே போய்கினு வர்றோம்னாரு." பிறகு, "நீ எப்பக்கா பாத்த?" என்று கேட்டாள்.

"நேத்து" என்றேன்.

அவள் அதைச் சந்தேகப்படவில்லை. டீயை ஊற்றிக் கொடுத்தாள்.

அந்தத் துண்டை நான் வாங்கினேன். வாங்குவதற்கு முன், பாதைச் செலவு நான்கு பாகத்துக்கும் சமம் என்று ஓர் ஒப்பந்தம் நானே தட்டச்சு செய்து, பதிவுக்குக் கொண்டுபோனேன். எனக்கு விற்பவரும் அந்த இன்னொரு வீட்டாரும் ஒரு வரி விடாமல் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். நைனா தெலுங்கில் விளக்கம் கேட்டார். தங்கை மட்டும் பேனாவை வாங்கிப் பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட்டாள்.

"படிச்சிப் பாருடி" என்றேன்.

"நீ எழுதனதுதானே" என்றாள்.

இப்போது இருவருக்கும் ஒரே பாதை, ஒரே செலவு, ஏறக்குறைய அதே அளவு நிலம். ஆனால் படிக்காமல் கையெழுத்துப் போட அவளுக்கு ஒரு அக்கா இருக்கிறாள். அந்தப் பொறாமை எனக்கு இன்னும் தீரவில்லை. ஒன்பது நாள் கதையை அவளிடம் இதுவரை சொல்லவும் இல்லை.