அடுப்பு வாங்காத இரண்டு மாதம்

1991இல் பெங்களூரில் தமிழர்களுக்கு எதிராக நடந்த காவிரிக் கலவரத்தில் பொம்மனஹள்ளி வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடிவந்து, நீலசந்திராவில் ஒரு ஷெட்டில் தங்கினோம். குழந்தைக்குச் சத்தாகக் கொடுக்கச் சொல்லி, சர்ச்சில் வாராவாரம் பணம் தந்தார்கள். அடுப்பு வாங்கினால் இங்கேயே தங்கிவிடுவோமோ என்று எனக்குப் பயம். நாளைக்கே வீட்டுக்குப் போய்விடுவோம் என்று தினமும் பன்னும் டீயுமே கொடுத்தேன். இரண்டு மாதத்தில் என் ஒன்றரை வயது மகளுக்குக் கன்னம் உப்பியது, கால் பருத்தது. நான் பூரித்துப்போனேன்.

சர்ச்சுக்கு வந்த நர்ஸம்மா அவள் பாதத்தை விரலால் அழுத்தினார். குழி அப்படியே நின்றது.

"இது சதையில்லம்மா, வீக்கம். பருப்பு, முட்டை எதுவுமே குடுக்கலையா?"

பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தாள். அதற்குள் ஸ்டவ் வாங்கிவிட்டேன்.

இப்போது எங்கே குடிபோனாலும் முதல் நாளே உலை வைத்துவிடுவேன். திரும்பிப் போகாத அந்த வீட்டின் சாவி அரிசி டப்பாவுக்குள் கிடக்கிறது. அரிசி அள்ளும்போதெல்லாம் கையில் தட்டுப்படும்.