கொடைக்கானலில் காயாத புடவை

திருச்சி வெயிலில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் துணி காய்வதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. பிழிந்து கொடியில் போட்டுவிட்டு உள்ளே போய் ஒரு வாய் காபி குடித்துவிட்டு வந்தால் மொறமொறவென்று கிடக்கும். அந்த நினைப்போடுதான் ஹெட்மிஸ்ட்ரஸையும் சேர்த்து எங்கள் ஸ்கூல் டீச்சர்கள் ஏழு பேர் காலாண்டு லீவில் கொடைக்கானலுக்குப் புறப்பட்டோம். வருஷம் ஐம்பத்தெட்டோ, ஐம்பத்தொன்பதோ, சரியாக நினைவில்லை.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் என்னை அனுப்பியதே பெரிய காரியம். திங்கட்கிழமை காலை கும்பகோணத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். பையனுக்கு பாங்கில் வேலை, நல்ல குடும்பம். ஒரே ஒரு நிபந்தனை, கல்யாணம் ஆனதும் நான் வேலையை விட்டுவிட வேண்டும். அப்பா "பார்க்கலாம்" என்று பதில் எழுதியிருந்தார். அப்பா பார்க்கலாம் என்றால் சரி என்று அர்த்தம். யாருக்கும் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லத் தெரியாத மனிதர்.

நான் கணக்கு டீச்சராகி அப்போது ஒன்றரை வருஷம்தான். மூன்றாம் பாரத்து, அதாவது எட்டாம் வகுப்புப் பெண்கள் அல்ஜீப்ராவைக் கண்டு அலறுவதை அப்போதுதான் நிறுத்தியிருந்தார்கள். அவர்களை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசே இல்லை. ஆனால் வீட்டில் வாயைத் திறந்து சொன்னேனா என்றால் இல்லை. நானும் அந்த அப்பாவுக்குப் பிறந்தவள்தானே.

ஹெட்மிஸ்ட்ரஸ் எங்கள் வீட்டுக்கே வந்து, "ஞாயித்துக்கிழமை ராத்திரி உங்க பொண்ணு வீட்ல இருப்பா சார், அது என் பொறுப்பு" என்று அப்பாவிடம் வாக்குக் கொடுத்தார். அவர் சொன்னால் சொன்னதுதான். அதனால் அப்பா தலையை ஆட்டினார்.

சனிக்கிழமை மத்தியானம் மலைமேல் போய்ச் சேர்ந்தோம். வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் நுழைந்ததும் மற்ற ஊர்க்காரர்களாக இருந்தால் ஏரியைப் பார்க்க ஓடியிருப்பார்கள். நாங்கள் குளித்து, ரயில் கரி படிந்த புடவைகளைத் துவைத்து, பின்பக்கம் வரிசையாகக் காயப்போட்டோம். ஆளுக்கு இரண்டே புடவைதான் கொண்டுபோயிருந்தோம். காவல்காரர் மட்டும் எட்டிப் பார்த்து, "இங்க காயாதுங்கம்மா" என்றார். நாங்கள் சிரித்தோம். சாயங்காலம் தொட்டுப் பார்த்தால் போட்டதைவிட ஈரம் கூடியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளத்தாக்கைப் பார்க்கப் போனோம். பள்ளத்தாக்காவது ஒன்றாவது! பக்கத்தில் நிற்பவள் முகமே தெரியவில்லை. தமிழ் டீச்சர் மட்டும் வெள்ளைப் பனியைப் பார்த்து, "ஆஹா, என்ன அழகு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. வீடு வந்தபோது கட்டியிருந்த புடவையும் போச்சு. ஒரு மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் கீழே போய்த் திருச்சி ரயிலைப் பிடிக்க முடியும். மணி அப்போது பதினொன்றுக்கு மேல்.

ஏழு பேரும் வாடகைக் கம்பளிகளைப் போர்த்திக்கொண்டு கரியடுப்பைச் சுற்றி உட்கார்ந்தோம். "முதல்ல கணக்கு டீச்சர் புடவை. அவளத்தான் நாளைக்குப் பார்க்க வராங்க" என்று ஹெட்மிஸ்ட்ரஸ் உத்தரவு போட்டார். இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து அனலில் காட்டினார்கள். என்னுடையதை முடித்து மற்றவர்களுடையதையும் ஒவ்வொன்றாகக் காட்டி, கட்டிக்கொள்ளும் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பன்னிரண்டேகாலுக்கு ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டார்: "என்னம்மா, காஞ்சிடுச்சா? கட்டிக்க."

தொட்டுப் பார்த்தேன். கரையில் லேசாக ஈரம், அவ்வளவுதான். "இன்னும் காயல டீச்சர். நடுங்கறது" என்றேன். மறுபடி அனலில் காட்டினார்கள். மறுபடி கேட்டார். மறுபடி, "காயல" என்றேன். மூன்றாவது தடவை அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கம்பளியைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டார். நாங்கள் ஒருவழியாகக் கிளம்பி ஸ்டாண்டுக்கு வந்தபோது பஸ் போய்விட்டது.

எல்லோரும் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தாற்போல் இருந்தது. அப்படி ஒரு நிம்மதியை அதற்குமுன் நான் அறிந்ததில்லை. அடுத்த நிமிஷமே வெட்கமாகவும் இருந்தது. சொன்ன சொல் தவறாத அம்மாளின் வாக்கை என் ஒரு பொய் கெடுத்துவிட்டதே. அவர் நேரே தந்தி கொடுக்கப் போனார். என்னைக் கோபித்துக்கொள்ளவும் இல்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் மலையிறங்கி, ரயில் பிடித்து, சாயங்காலம் ஸ்ரீரங்கம் வந்தோம். ஞாயிறு மத்தியானத்திலிருந்து எனக்கு ஒரு வாய் சாப்பாடு இறங்கவில்லை. வாசலில் அப்பா தனியாக நின்றுகொண்டிருந்தார். நான் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அவா வந்தாளா அப்பா?"

"வந்தா. தந்தியும் அவாளும் ஒண்ணாத்தான் வந்து சேர்ந்தது. பத்தரை வரைக்கும் உக்காந்திருந்தா."

"ஏதாவது சொன்னாளா?"

"பையனோட அம்மா கேட்டா. 'பெண் பார்க்க வர அன்னிக்கே ஊர் சுத்தறவ, நாளைக்கு வேலையை விடுன்னா விடுவாளா?'ன்னு." அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "விடமாட்டான்னு சொல்லிட்டேன்."

"நீங்களா அப்பா சொன்னேள்?"

"நீ கூடத்துல அலங்காரம் பண்ணிண்டு, நமஸ்காரம் பண்ணி நின்னிருந்தா எனக்குச் சொல்ல வந்திருக்காது. சரின்னுட்டிருப்பேன். நீ இல்லை. அதனால சொல்ல முடிஞ்சுது. நல்ல வேளை."

அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். பாழாய்ப்போன வாய். "வேணும்னு பண்ணலை அப்பா. புடவை ஈரம். காயவே இல்லை" என்றேன்.

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மார்கழி பூரா விடியறதுக்கு முன்னாடி கொள்ளிடத்துல முழுகிட்டு, சொட்டச் சொட்ட ஈரப்புடவையோட நம்மாத்துக்கு நடந்து வரவடி நீ. எங்கிட்டயா இந்தக் கதை?"

அதற்குமேல் பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. "பசிக்கறதுப்பா" என்றேன்.