ஒட்டி வைத்த கடைசி அத்தியாயங்கள்

பைண்டிங் தொழிலில் கத்தி படாத விரலும் கிடையாது, பசை படாத வேட்டியும் கிடையாது. அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம் ஐயா, கதை படிக்கிற ஜனங்களைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு.

சண்டைக் காலத்தில் மாதுங்கா மார்க்கெட் பக்கம் பொந்து மாதிரி ஒரு கடை வைத்திருந்தேன். அப்போது ஒரு வாரப் பத்திரிகையில் சரித்திரத் தொடர்கதை ஒன்று சக்கைப்போடு போட்டது. ஒரு மலைக்கோட்டை, அதைச் சுற்றி எதிரிப் படை, உள்ளே மாட்டிக்கொண்ட குதிரைவீரன். வாராவாரம் அந்தப் பக்கங்களை மட்டும் கிழித்துச் சேர்த்து, கதை முடிந்ததும் என்னிடம் கொண்டுவந்து புத்தகமாகத் தைத்துக்கொள்வார்கள். நீங்களும் அப்படித் தைத்துக்கொண்டவர்தானே? அப்படியானால் என் கஷ்டம் உங்களுக்குச் சொல்லாமலே புரியும்.

ஒரு தாள், இரண்டு கட்சி

இந்தக் கதையின் அத்தியாயம் முடிகிற தாளின் மறுபக்கத்திலேயே இன்னொரு குடும்பத் தொடர்கதை ஆரம்பமாகிவிடும். பேப்பர் பஞ்சம், என்ன செய்வது! ஒரு ஆபீஸ் குமாஸ்தா சரித்திரக் கதையைக் கொடுத்துவிட்டுப் போனார். மத்தியானம் அவர் சம்சாரம் குடும்பக் கதையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் கொண்டுவந்த தாள்களில் எந்த அத்தியாயத்துக்கும் தலை இல்லை. தலையெல்லாம் புருஷன் கொடுத்த தாள்களின் முதுகில் இருந்தது.

மறுநாள் இருவரும் என் கடை வாசலிலேயே வழக்காடினார்கள். இரண்டையும் சேர்த்து ஒரே புத்தகமாகத் தைத்துவிடுகிறேன் என்று நான் குறுக்கே விழுந்தேன். அந்த அம்மாள் கொஞ்சம் யோசித்தாள். "அப்போ என் கதை முன்னாடி இருக்கட்டும். இவர் கதையிலே வாளை ஓங்கினா இறக்க மூணு வாரம் ஆறது!"

சல்லடை மந்திரி

தாராவியிலிருந்து தோல் ஷெட் ஆட்கள் நாலு பேர் வந்தார்கள். எல்லோரும் திருநெல்வேலிச் சீமை. கூட்டாக ஒரு பத்திரிகை வாங்கி, ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்பார்களாம். அவர்கள் கட்டைப் பிரித்தால், எதிரிக்குக் கோட்டை வழியைக் காட்டிக்கொடுத்த மந்திரியின் மூஞ்சி எல்லாப் படத்திலும் சல்லடைக் கண்ணாக இருந்தது. தோல் தைக்கிற குத்தூசி வேலை! பின்பக்கத்து எழுத்துக்கும் சேர்த்து மரண தண்டனை.

வேலை சுத்தமாக இருக்கட்டுமே என்று, ஒரு படத்துக்கு மட்டும் பின்னால் மெல்லிய தாள் ஒட்டி ஓட்டையை அடைத்தேன். புத்தகத்தை வாங்கிப் பார்த்த மூத்தவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. "ஏ அண்ணாச்சி, இவன எதுக்குப் பொழைக்க வச்சிய? நாங்க மொற வச்சுல்லா குத்துனோம்!"

கண்ணை மூடிக் கிழித்த மாமி

ஊரே மூக்கைச் சிந்திய அந்தக் கோட்டைக் கதையின் முடிவைப் படித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு சாப்பிடப் போனவன் நான். அப்பேர்ப்பட்ட கல்நெஞ்சன் முன்னால் பாலக்காட்டு மாமி ஒருத்தி வந்து நின்றாள். அவளுக்கு மலையாள எழுத்துதான் சரளம், தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். கதை ஆரம்பித்தபோது பிள்ளைதான் படித்துக் காட்டியிருக்கிறான். பாதியில் அவன் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாப் பக்கம் போய்விட்டான். அப்புறம் ஒரு தகவலும் இல்லை.

குதிரைவீரன் கோட்டைக்குள் மாட்டிக்கொண்ட வாரத்தோடு மாமி படிப்பதை நிறுத்திவிட்டாள். ஆனால் கிழிப்பதை நிறுத்தவில்லை. படம் கண்ணில் படக்கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டு கிழித்து, அரிசி டின்னுக்கு அடியில் வைத்திருக்கிறாள். அந்த மிச்சப் பாகத்தையும் சேர்த்துத் தைத்து, மேலே பழுப்புக் காகிதம் சுற்றி யாரும் திறக்காதபடி ஒட்டிவிட வேண்டுமாம். பிள்ளை வந்து பிரித்துப் படித்துக் காட்டுவான் என்றாள். நான் தலையாட்டினேன். புறப்பட்டவள் திரும்பி வந்தாள். "முடிவு உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும் பைண்டரே. வாயைத் திறக்கப்படாது, கேட்டேளா? மூஞ்சியாலேயும் சொல்லப்படாது!"

மூஞ்சி பட்ட பாடு

சொல்வது சுலபம். என் மூஞ்சியோ கண்ணாடி அலமாரி, உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரியும். கோட்டை வாசலில் அந்தக் குதிரைவீரன் செத்துப்போகிறான் என்பதை வைத்துக்கொண்டு நான் எப்படி மாமியைப் பார்ப்பேன்? கறிகாய்ப் பையோடு அவள் வருவது தெரிந்தாலே புத்தகம் அழுத்துகிற பிரஸ்ஸுக்குப் பின்னால் குனிந்து எதையாவது தேடுவேன். சண்டை முடிந்தது. தெருவில் இரண்டொரு பையன்கள் திரும்பி வந்தார்கள், அவள் பிள்ளை வரவில்லை. அப்போது நான் குனிந்தவன் நிமிரவே இல்லை.

ஒருநாள் அவள் புருஷர் வந்தார். பாங்க்கில் வேலை, அதிகம் பேசாத மனிதர். ஆபீஸில் யாரிடமோ இரவல் வாங்கிக் கதையை முடித்துவிட்டாராம். என் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீராவது இங்கே ஒளிஞ்சுக்கறீர். நான் அந்த வீட்டிலே எங்கே போய் ஒளிய?"

காகிதம் கிழிந்தது

ஒரு காலையில் மாமியின் குரல் கேட்டு வழக்கம்போலக் குனிந்தேன். "எழுந்திருங்கோ பைண்டரே!" என்றாள். எழுந்து பார்த்தால் பக்கத்தில் ஒட்ட வெட்டிய கிராப்பும் குழிவிழுந்த கன்னமுமாக, ஒரு காலைச் சாய்த்துக்கொண்டு பிள்ளை நிற்கிறான். ஜப்பான்காரன் சிறையில் கிடந்தானாம். அவன் கையில் நான் தைத்த புத்தகம், பழுப்புக் காகிதம் கிழிந்து தொங்குகிறது.

பிள்ளைக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "முழுக்க அம்மாவுக்குப் படிச்சுக் காமிச்சேன் ஸார். இத்தனை நாள் காக்க வெச்சுட்டுக் கடைசியிலே குதிரைவீரனைக் கொன்னுட்டாரே எழுதினவர், இது நியாயமா?" நான் பயந்துகொண்டே மாமியின் முகத்தைப் பார்த்தேன். அவள் பிள்ளையின் முழங்கையை விடாமல் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். "செத்தா சாகட்டும் போ! கதைதானே, பைண்டரே!"

ஊரே அழுத முடிவுக்கு அசையாத நான், அந்தக் 'கதைதானே'வுக்குப் பசைக் கையோடு கண்ணைத் துடைத்துவிட்டு, சாயங்காலம் வரை இமை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.