சமையலறைப் பெரட்டு

காலையில் நான் பேர் கூப்பிட்டு முடித்ததும் சிஞ்ஞோரா லுச்சியா சிலுவைக் குறி போட்டு "ஆமென்" என்பார். எண்பது வயது தாண்டிய அவரைக் கவனித்துக்கொள்ளத்தான் இத்தாலியின் இந்த மலைக் கிராமத்துக்கு வந்திருக்கிறேன். நான் கூப்பிட்ட பேர்களோ இவை: சந்தியில் யாருக்கு முதல் வழி, மூடுபனியில் எந்த விளக்கு, சரிவில் காரை நிறுத்துவது எப்படி. மூன்றும் கார் ஓட்டப் படிப்பிக்கும் வீடியோக்கள். இவற்றுக்கு ஏன் ஆமென் என்று எனக்கு விளங்கவில்லை. பெரியவர், பக்தி கூடியவர், இருந்துவிட்டுப் போகட்டும் என்று கோப்பியைக் கலக்கிக் கொடுப்பேன்.

பேர் கூப்பிடுவது எனக்குப் புதிதல்ல. ஊரில், தெரணியகலைக்கு மேலே, பாதி ரப்பரும் பாதி தேயிலையுமான தோட்டத்தில் பிறந்தவள் நான். வெளிநாடு வரும்வரை அங்கே கொழுந்து பறித்தேன். எங்கள் நாள் தொடங்குவது பெரட்டுக்களத்தில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில். கணக்கப்பிள்ளை செக்ரோலை, அதுதான் பேர்ப் பதிவேட்டை, விரித்து ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். பேர் கூப்பிட்டு, இன்ன மலைக்குப் போ என்று சொன்ன பிறகுதான் கால் நகரும். பிந்தி வந்தால் கெஞ்சினாலும் நடக்காது. ஒருநாள் அட்டை கடித்த காலைக் கழுவப்போய் நான் பிந்திவிட்டேன். "பெரட்டு முடிஞ்சி போச்சு புள்ள. வீட்டுக்குப் போ, நாளைக்கு வா" என்றார், முகத்தைக்கூடப் பார்க்காமல். அன்று அந்த மனிதரை நான் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. அவர் தொழிலை நானே இங்கே எடுத்து நடத்தப்போகிறேன் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சொன்னவரையும் சேர்த்துத் திட்டியிருப்பேன்.

விஷயத்துக்கு வருகிறேன். சிஞ்ஞோராவை வாரம் ஒருமுறை கீழே நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். பஸ் நினைத்த நேரத்துக்கு வரும். அவருடைய மகள் பாவ்லா தூரத்து நகரத்தில் வேலை செய்கிறார். அதனால் எனக்கு பத்தென்தே, அதுதான் டிரைவிங் லைசன்ஸ், தேவைப்பட்டது. எழுத்துப் பரீட்சை முழுக்க இத்தாலிய மொழியில். முதல்முறை எழுதி, தோற்றேன். பாவ்லா என்னை உட்காரவைத்துப் பேசினார். "செல்வி, கிறிஸ்துமஸ் வரை பார்ப்போம். அதற்குள் பத்தென்தே வராவிட்டால், கார் ஓட்டத் தெரிந்த வேறொருவரை வைக்க வேண்டியிருக்கும். உன்மேல் கோபமில்லை." கோபமில்லை என்றதுதான் எனக்கு அதிகம் வலித்தது. இந்த வேலை போனால் இந்த வீடும் போகும். இந்த நாட்டில் எனக்கு வேறு கதவு இல்லை.

ஏன் தோற்றேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பாடம் பார்க்கத்தான் போனைத் திறப்பேன், சத்தியமாக. ஒரு பாடம் முடிந்ததும் போன் தானாகவே அடுத்ததை ஓட்டும். எங்கள் ஊர்ப்பக்கத்து எஹலியகொடையில் யாரோ கொத்து ரொட்டி போடுவார். பிறகு ரத்தினபுரி வெள்ளம். பிறகு, ஐயோ, எங்கள் தெரணியகலை பஸ்! மழைநேரம், ஜன்னலோரம் இருந்து யாரோ எடுத்தது, வளைவுக்கு வளைவு ஹோர்ன். அதைப் பார்த்ததும் நானும் அந்த பஸ்ஸில் ஏறிவிடுவேன். திரும்பி இறங்கும்போது அடுப்பில் பாஸ்தா கூழாகியிருக்கும். சிஞ்ஞோரா அதைக் கரண்டியால் அள்ளிச் சாப்பிடுவார். இதில் பெரிய பகிடி, அந்த பஸ் இடப்பக்கம் ஓடுகிறது, இந்த நாடு வலப்பக்கம் ஓடுகிறது. பரீட்சையில் யாருக்கு முதல் வழி என்ற கேள்விகளுக்கெல்லாம் நான் தெரணியகலை பஸ் டிரைவராகவே பதில் எழுதிவிட்டு வந்திருக்கிறேன்.

பாவ்லா பேசிவிட்டுப் போன மறுநாள் பாடம் பார்க்க உட்கார்ந்தேன். முடிந்ததோ இல்லையோ, கொத்து ரொட்டி வந்து நின்றது. எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆத்திரம் வந்ததோ! "பெரட்டு முடிஞ்சி போச்சு, வீட்டுக்குப் போ!" என்று போனைப் பார்த்துக் கத்தினேன். அசல் கணக்கப்பிள்ளையின் குரல். கத்திய பிறகு எனக்கே சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்கியதும் எழுதுகிற கொப்பி ஒன்றை எடுத்தேன். தானாக ஓடும் வசதியை அணைத்தேன். அன்றிலிருந்து கொப்பியில் பேர் இருக்கிற வீடியோவுக்கு மட்டும்தான் வேலை. நாளுக்கு மூன்று. பார்த்து, எழுதிப் பார்த்து, போனை அலமாரியில் வைத்துவிடுவேன். கொத்து ரொட்டியும் பஸ்ஸும் ஞாயிறு மதியம் அரை மணிநேரம் வரலாம், பேர் போட்டிருக்கிறேன். அம்மாவிடம் போனில் இதைச் சொன்னபோது லயத்து வீடுகள் எல்லாவற்றுக்கும் கேட்கும்படி சிரித்தார்.

"போனுக்குப் பெரட்டா? அனே, உனக்குக் கிறுக்குத்தான் புடிச்சிருக்கு. அது சரி, அந்தக் கொப்பியில எம் பேரு இருக்கா?"

"மொதப் பேரே நீங்கதாம்மா. தெனம் ராத்திரி ஏழு மணிக்கு."

"ஹரி ஹரி, சரிதான். அப்ப நானு பிந்தி வந்தா திருப்பி அனுப்பிறாத."

அங்கே அவருக்கு அது நடுச்சாமம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நேரத்தை மதியத்துக்கு மாற்றினேன்.

கொப்பி இருந்தாலும் வாய்விட்டுக் கூப்பிட்டால்தான் எனக்குப் பெரட்டு பெரட்டாக இருக்கும். அதனால் தினமும் சமையலறை நடுவில் நின்று கூப்பிட்டேன், தினமும் ஆமென் வந்தது. ஒரு நாள் சிஞ்ஞோரா என் கையைப் பிடித்து, "அல்ஃபியோவையும் சேர்த்துக்கொள்" என்றார். சரி, அவருக்கும் ஏதோ வீடியோ பார்க்க ஆசை போலிருக்கிறது என்று பேரை எழுதித் தேடினேன். அல்ஃபியோ என்று ஒருவர் ஒலிவ் மரத்துக்குக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார், நாங்கள் தேயிலைக்கு வெட்டுவதுபோல. போனைச் சிஞ்ஞோராவின் முன் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். "இது என் கணவர் இல்லை. என் கணவர் இவ்வளவு குண்டு கிடையாது. அவர் செத்தே ஒன்பது வருஷமாகிறதே!"

அப்போதுதான் எனக்கு அந்த ஆமென் விளங்கியது. நான் காலையில் ஜெபம் செய்கிறேன் என்று அவர் இத்தனை நாள் நம்பியிருக்கிறார். செத்தவருக்கும் ஒரு வார்த்தை வேண்டிக்கொள் என்று கேட்டிருக்கிறார். எனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியை முழுக்கக் கொட்டி, கைகால் ஆட்டி, மலையையும் கூடையையும் கணக்கப்பிள்ளையையும் நடித்துக் காட்டினேன். "ஆ, அப்பெல்லோ!" என்றார். வகுப்பில் பேர் கூப்பிடுவதற்கு இங்கே அப்பெல்லோ என்று பெயர். சிஞ்ஞோரா பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர், எனக்கு அதுவும் அன்றுதான் தெரிந்தது. மறுநாள் முதல் ஆமென் நின்றது. நான் ஒவ்வொரு வீடியோவின் பேரைக் கூப்பிட, அதற்காக அவர் "பிரெசென்தே!" என்று கத்துவார், வந்திருக்கிறேன் என்று அர்த்தம். மதியத்தில் எழுதிப் பார்ப்பதைத் திருத்தினார், பிழைக்குச் சிவப்புக் கோடு போட்டார். அந்தக் குண்டு அல்ஃபியோவுக்கும் புதன்கிழமையில் ஒரு பேர் கொடுத்தோம், சிஞ்ஞோராவுக்காக.

இரண்டாம் முறை பரீட்சை எழுதினேன். ஒரேயொரு பிழை! திரையில் முடிவைப் பார்த்ததும் கூச்சம் பார்க்காமல் "அம்மா!" என்று கத்திவிட்டேன், அங்கே இருந்தவர்கள் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று தண்ணீர் கொண்டுவந்தார்கள். அதன் பிறகு பயிற்சிக் காரில் ஓட்டிப் பழகி, ஓட்டிக் காட்டும் பரீட்சை, அதுவும் பாஸ். கிறிஸ்துமஸுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. பாவ்லா போனில் அழுதார். அம்மாவோ, "அப்ப காரு ஓட்டிக்கிட்டே தெரணியகலைக்கு வந்துருவியா?" என்று கேட்டார். இங்கே வேலை நிலைத்துவிட்ட சந்தோஷத்தில் துள்ளிக்கொண்டிருந்தவள் நான். ஊருக்குப் போகும் நாள் அதே அளவு தள்ளிப்போயிருக்கிறது என்பதை அவர் கேள்விதான் சொன்னது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள். காலையில் பெரட்டுக்கு வந்து நின்றால், கொப்பி சிஞ்ஞோராவின் கையில் இருக்கிறது. கண்ணாடியை மூக்கில் இறக்கி, வகுப்பறைக் குரலில், ஒவ்வோர் எழுத்தாக இழுத்து என் முழுப் பேரைக் கூப்பிட்டார்: "செல்வராணி!"

பிரெசென்தே என்றுதான் சொல்ல நினைத்தேன். "இருக்கேங்க" என்றது வாய். கொழுந்துக் கூடைக் கயிற்றை மாட்டிக்கொள்ளத் தலை தானாகக் குனிந்தது. குனிந்தபடி பார்த்தேன், என் கையில் கார்ச் சாவி இருந்தது.