நெஞ்சுக்கு மேலே வியர்வை

முள்ளந்தண்டில் அடிபட்ட பிறகு எனக்கு நெஞ்சுக்கு மேலே மட்டுந்தான் வியர்க்கும். எனக்குப் பொருத்தியிருக்கும் சிறுநீர்க் குழாய் எங்கேயாவது அடைபட்டால் இரவில் தலையணையே நனைந்துவிடும்.

யுத்த காலத்தில் ஒரு விடியற்காலை, கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டைச் சோதனையிட வந்த பொலிசார் என் கட்டிலை இழுத்து அடியில் தேடினார்கள். சற்று நேரத்தில் என் முகத்தில் வியர்வை வழிந்தது.

"ஏன் இவ்வளவு பயம்?" என்று ஓர் இளம் பொலிஸ்காரர் சிங்களத்தில் கேட்டார். எனக்கு எரிச்சல் வந்தது.

"ரியூப் எங்கயோ நெரிபட்டிட்டுதப்பா," என்று என்னிடம் சொன்ன மனைவி, கட்டிலைத் தூக்கும்படி அவரிடம் சிங்களத்தில் கேட்டாள். அவர் துவக்கைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தூக்கினார். கட்டில் காலுக்கடியிலிருந்து குழாயை அவள் விடுவித்தாள். போகும்போது அவர் மேசை மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டார்.

வியர்வை அடங்கியது. நான் உண்மையில் பயந்துபோயிருந்தது அதன்பின் யாருக்கும் தெரியவில்லை.