ஆக்கியவர் என்ற கட்டம்

சான்று இல்லாமல் ஒரு வரிகூட எழுதக் கூடாது என்பது எங்கள் கூட்டத்தின் சட்டம். இணையக் கலைக்களஞ்சியத்தில் சம்பளம் வாங்காமல் கட்டுரை எழுதுகிற கூட்டம் அது. என்றைக்கோ செத்துப்போன ஓர் இசையமைப்பாளர் எந்த ஊரில் பிறந்தார் என்பதற்காக வாரக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்திருக்கிறோம். அப்படிப்பட்டவர்கள் நடுவில் நடந்த இந்த விஷயத்துக்கு மட்டும் என்னிடம் சான்று கிடையாது. ஆனால் நடந்தது. பிலிப்பைன்ஸில், எங்கள் இலோயிலோவில், ஹாரோ தேவாலயத்துக்குப் பின் தெருவில், எடெலின் வீட்டில், பட்டப்பகலில் நடந்தது. நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

எடெலின் குழந்தைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுப்பவள். முப்பத்தைந்து வயது, தனிக்கட்டை. எங்கள் தீவின் பழைய இசையமைப்பாளர்களைப் பற்றிக் களஞ்சியத்தில் இருக்கும் கட்டுரைகளில் பாதி அவள் எழுதியவை. மீதிப் பாதியில் அவளோடு மல்லுக்கு நின்றவர் ரொமுலோ. ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி, மனைவியை இழந்தவர், பிள்ளைகள் துபாயில். அவரை நாங்கள் எல்லோரும் மனோங் என்றுதான் கூப்பிடுவோம், பெரியவர் ஆயிற்றே. துறைமுகத்தில் பெட்டிகளைக் குடைந்த பழக்கம் அவரை விடவில்லை. யார் என்ன எழுதினாலும் பக்கத்தில் 'சான்று எங்கே?' என்று ஒட்டிவிட்டுப் போய்விடுவார். ஞானஸ்நானத்தின்போதே பாதிரியாரிடம் சான்று கேட்டிருப்பார் என்று எடெலின் கேலி செய்வாள். அதையும் ரசித்துக்கொண்டு, நாங்கள் கூடுகிற கடையில் பட்சோய் என்கிற நூடுல்ஸ் சூப்பை உறிஞ்சிக் குடிப்பார்.

அந்தத் தவக்காலத்தில் அவர் கைவைத்தது ஹிலாரியோன் சாலாசர் பற்றிய கட்டுரையில். சாலாசர் நூறு வருஷத்துக்கு முன் ஹாரோவில் வாத்தியக் குழு நடத்தியவர். அவர் எழுதிய ஒரு பாட்டையாவது காட்டு, இல்லையென்றால் கட்டுரையை நீக்கிவிடலாம் என்று மனோங் அறிவிப்புப் போட்டுவிட்டார். எடெலினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுடைய அப்பா அந்தக் குழுவில்தான் கடைசிவரை கிளாரினெட் வாசித்தார். எப்படியாவது ஒரு பாட்டைக் கண்டுபிடித்துக் கிழவர் முகத்தில் எறிய வேண்டும் என்று கிளம்பினாள்.

மோலோவில் சாலாசரின் அண்ணன் மகள் கொஞ்சிங் உயிரோடு இருந்தாள். தொண்ணூறை எட்டிக்கொண்டிருந்தவள். எடெலின் கேட்டதும், காத்துக்கொண்டிருந்தவள் மாதிரி அலமாரியைத் திறந்து ஒற்றை இசைத்தாளை எடுத்துக் கொடுத்தாள். பெரிய வெள்ளி ஊர்வலத்தில், கண்ணாடிப் பெட்டியில் கிடத்திய இயேசுவின் பின்னால் வாசிக்கிற மெதுநடைப் பாட்டு. திருப்பித் தர வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னாள்.

வீட்டுக்கு வந்துதான் எடெலின் தாளை நன்றாகப் பார்த்தாள். வலது மூலையில், எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், தாள் மெலிந்து வெளிச்சம் தெரிந்தது. யாரோ சுரண்டியிருக்கிறார்கள். பாட்டும் முடியவில்லை. தாளின் கடைசி வரி வரை வந்து அப்படியே நின்றுவிட்டது.

கைப்பேசியைப் பியானோ மேல் வைத்துப் பதிவு செய்தாள். ஒரே தடவை. மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் வந்தது. அதைக் களஞ்சியத்தில் ஏற்றும்போது ஒரு கேள்வி வரும்: இது உங்கள் சொந்த ஆக்கமா, பிறருடையதா? பிறருடையது என்றால் வரிசையாகக் கட்டங்களை நிரப்ப வேண்டும். சொந்தம் என்றால் ஒரே தட்டு. சோம்பலில் பாதிப் பேர் சொந்தம் என்று தட்டிவிட்டுப் பிறகு திருத்துவார்கள். அன்றைக்கு வாசலில் வகுப்புக்குப் பிள்ளைகள் வந்து மணியடித்துவிட்டன.

எடெலின் சொந்தம் என்று தட்டினாள்.

'ஆக்கியவர்' என்ற கட்டத்தில் அவள் பெயர் தானாக விழுந்தது: எடெலின் தூபோங்கோ. ராத்திரி திருத்திக்கொள்ளலாம் என்று மூடிவிட்டாள். ராத்திரி மறந்துபோனாள்.

மறுநாள் ஜெர்மனியிலிருந்து ஒரு தன்னார்வலர் குறிப்பு எழுதியிருந்தார். அருமையான வாசிப்பு, கூட உட்கார்ந்து வாசிக்கும் இன்னொருவர் யார் என்று கேட்டிருந்தார்.

எடெலின் சிரித்தாள். பிறகு பதிவைப் போட்டுக் கேட்டாள். அவள் கைகள்தான். கடைசி ஒலி எழுந்து அடங்கியது. அதற்கப்புறம்...

சரக்.

தாளைப் புரட்டுகிற ஓசை.

அவளிடம் இருந்ததோ ஒற்றைத் தாள்.

தெரு ஓசையாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். ஆக்கியவர் கட்டத்தில் தன் பெயரை எடுத்துவிட்டு ஹிலாரியோன் சாலாசர் என்று எழுதினாள். பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தால் மறுபடி அவள் பெயர். இன்னொரு தடவை மாற்றினாள். திரும்பவும் அவள் பெயர். இந்தத் தடவை கூடவே அடைப்புக்குறியில் அவள் பிறந்த வருஷம், ஒரு கோடு, கோட்டுக்குப் பின் வெற்றிடம். செத்துப்போன இசையமைப்பாளர்களுக்கு நாங்கள் போடுவோமே, அதே மாதிரி. தன் பிறந்த வருஷத்தை எடெலின் களஞ்சியத்தில் எங்கேயும் கொடுத்தது கிடையாது.

மனோங் ரொமுலோவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவருக்கு நிர்வாகி அதிகாரம் இருந்தது. பக்கத்தின் மாற்ற வரலாற்றைத் திறந்தார். எந்த மாற்றத்தை யார் செய்தது என்று அதில் பதிவாகிவிடும். பெயர் சொல்லாமல் மாற்றினாலும் கணினியின் எண்ணாவது விழும். ஆனால் அந்த வரிகளில் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

"இப்படி வராது," என்றார் மனோங். "ஆளு யாருன்னு இல்லாம ஒரு கமாவக்கூட அங்க நகத்த முடியாது, இண்டாய்." இளம்பெண்களை எங்கள் ஊரில் அப்படித்தான் செல்லமாகக் கூப்பிடுவோம்.

"அப்ப இது யாரு?"

"பேய்னு சொல்லப்போறியா? சான்று எங்கே?"

சொல்லிவிட்டு வழக்கம்போலச் சிரித்தார். ஆனால் அவள் கொடுத்த தேங்காய்ப்பால் கஞ்சியைப் பாதியில் வைத்துவிட்டு, அங்கேயே அந்தப் பதிவை முழுசாக நீக்கினார்.

புதன்கிழமை அது திரும்ப வந்திருந்தது. நீளம் ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. கோட்டுக்குப் பின்னால் இந்த ஆண்டு விழுந்திருந்தது.

புனித வாரம் என்பதால் வகுப்பு இல்லை. அன்று மதியம் மூன்று மணிக்கு எடெலின் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கூடத்திலிருந்து பியானோவின் பெடல் முனகுகிற ஓசை கேட்டது. யாரோ காலை வைக்கிறார்கள். எடுக்கிறார்கள். வைக்கிறார்கள். எட்டிப் பார்த்தாள். மூடி மூடித்தான் இருந்தது. மூடிக்குள்ளிருந்து, மெதுவாக, அந்தப் பாட்டு.

அவள் வாசித்த பகுதி அல்ல. அதற்கு அடுத்தது.

வியாழன் காலையில் ஆண்டோடு மாதமும் சேர்ந்திருந்தது. எடெலின் தாளைத் தூக்கிக்கொண்டு ஜீப்னி வண்டி பிடித்து மோலோவுக்கு ஓடினாள். கொஞ்சிங் கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாகத்தான் பேசினாள்.

"பேரு போட்டியா?"

"தெரியாம விழுந்துடுச்சு பாட்டி. உங்க சித்தப்பா பேரத்தான் மாத்தி மாத்திப் போடுறேன். அவருக்குக் கோபமா? அவரு எழுதினதுக்கு என் பேரு வந்துடுச்சேன்னு..."

"எங்க சித்தப்பா எழுதினது இல்ல அது."

எடெலின் கையிலிருந்த தாளைப் பார்த்தாள்.

"எங்கேருந்து வந்ததுன்னு யாருக்கும் தெரியாது. பேரில்லாத பாட்ட எப்படி வாசிக்கிறதுன்னு சாமியார் கேட்டாரு. இவரு சும்மா தன் பேர எழுதி வெச்சாரு. அப்புறம் பிளேடால சுரண்டினாரு. சுரண்டி என்ன பண்ண? பெரிய வெள்ளிக்கிழமை, மூணு மணிக்குப் போயிட்டாரு."

தாளை வாங்கிக்கொள்ளச் சொல்லி எடெலின் கெஞ்சினாள். ஜன்னல் சாத்திக்கொண்டது. பெயர் தெரியாத ஒருவன், தான் எழுதிய பாட்டின் மேல் போட ஓர் ஆளின் பெயரைத் தேடுகிறான் என்பது அவளுக்கு அங்கே நிற்கும்போதுதான் புரிந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் அழுதாள். சாக அவளுக்குப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை. கடைகள் இல்லை, வண்டிகள் இல்லை. தேவாலய மணிக்குப் பதிலாக மரத்தட்டைதான் ஒலித்தது. காலையிலேயே கட்டத்தில் தேதி முழுசாக இருந்தது. இன்றைய தேதி.

மதியம் பியானோ தொடங்கியது. இந்தத் தடவை நிற்கவில்லை.

எடெலின் மனோங்குக்குப் போன் போட்டாள். பேச்சு குழறியது. அவர் கேலி எதுவும் செய்யவில்லை. பின்னால் கேட்கிற ஓசையைக் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார்.

"சாலாசர் பேரு போட்டா மாறுது. காலியா விட்டா?"

"அதுவும் மாறுது மனோங். என் பேருதான் வருது."

"சாலாசர் செத்தவரு. காலியா விட்டா ஆளே இல்ல." தனக்குத்தானே கணக்குப் போடுவது போலப் பேசினார். "நீ வாசல்ல போய் உக்காரு. உள்ள போகாத."

"நீங்க என்ன பண்ணப் போறீங்க?"

"இத்தன வருஷத்துல சான்று இல்லாம ஒரு வரி எழுதினதில்ல, இண்டாய். இன்னிக்கி ஒண்ணு எழுதிப் பாக்குறேன்."

போன் அணைந்தது. அவர் சொன்னது எடெலினுக்கு அப்போது விளங்கவில்லை. வாசலில் போய் உட்கார்ந்தாள். உள்ளே பாட்டு நடந்து வந்தது... கூடத்தைத் தாண்டி... கதவுக்கு அருகில்... அவள் முதுகுக்குப் பின்னால்...

நின்றது.

பாதி வரியில்.

காற்று இல்லை. ஓசை இல்லை. பிறகு தூரத்தில் தேவாலயத்து மரத்தட்டை அடித்தது. மூன்று மணி.

எடெலின் தன் கையைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது.

ஓடிப் போய்க் கணினியைத் திறந்தாள். கட்டத்தில் அவள் பெயர் இல்லை. அந்த இடத்தில் இருந்தது:

ரொமுலோ.

முழுப்பெயர், பிறந்த வருஷம், கோடு, இன்றைய தேதி.

போன் போட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. வண்டி கிடைக்காமல் ஓடியே போனாள். நடுவில் ஊர்வலம் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. கறுப்பு முக்காடுகளை விலக்கிக்கொண்டு, ஜெபம் சொல்கிறவர்களை இடித்துக்கொண்டு போனாள். திட்டினார்கள். அவள் காதில் விழவில்லை.

மனோங் மேசை முன் நாற்காலியில் உட்கார்ந்தபடி இருந்தார். கண்ணாடி மூக்கின் நுனிக்கு இறங்கியிருந்தது. இரண்டு கைகளும் மேசை விளிம்பில், விரல்கள் விரிந்து, அழுத்தியபடி இருந்தன. மாரடைப்பு என்றார் மருத்துவர். அந்த வயதில் வரக்கூடியதுதான் என்றார்.

பக்கத்து வீட்டுக்காரி அழுதுகொண்டே ஒன்று சொன்னாள். பெரிய வெள்ளியன்று இப்படிப் பியானோ வாசிக்கலாமா என்று கேட்கத்தான் கிளம்பினாளாம். அவ்வளவு அழகாக வாசித்தாராம், கேட்டுக்கொண்டே நின்றுவிட்டாளாம்.

மனோங் வீட்டில் பியானோ கிடையாது. அவருக்கு ஒரு சுரம்கூட வாசிக்கத் தெரியாது.

அடக்கம் முடிந்த பிறகுதான் எடெலினுக்கு அந்தப் பக்கத்தின் மாற்ற வரலாற்றைத் திறக்கத் தைரியம் வந்தது. பெயரில்லாத வரிகளுக்கு மேல் ஒரே ஒரு வரியில் பெயர் இருந்தது, மனோங்கின் பெயர். ஆக்கியவர் கட்டத்தில் தன் பெயரைத் தானே எழுதியிருக்கிறார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் எழுத ஓர் இடம் உண்டு. அதில் எழுதியிருந்தார்: "சான்று: நானே."

அவள் அன்று கத்தி அழுததைத் தெருவே கேட்டது. இன்றைக்கும் பட்சோய்க் கடைக்கு அவள் வருவதில்லை. சாலாசர் கட்டுரையைக் காப்பாற்ற யாரும் இல்லை, அது நீங்கிப்போயிற்று.

அந்தப் பதிவு மட்டும் நீங்கவில்லை. நாங்கள் எத்தனையோ தடவை நீக்கிவிட்டோம். இப்போது அது எட்டு நிமிடம் ஓடுகிறது, இன்னும் முடியவில்லை. மனோங்கின் பெயர் ஒரு மாதம் இருந்து, பிறகு யாரும் தொடாமலே அழிந்துபோயிற்று. கட்டம் காலியாக இருக்கிறது. அதன் கீழே, காலியான எல்லாக் கட்டங்களுக்கும் களஞ்சியம் தானாக வைக்கிற சின்னக் குறிப்பு இருக்கிறது: ஆக்கியவர் பெயர் இல்லை, நிரப்பி உதவுங்கள்.